420 கி.மீ. ரேஞ்ச், வெயிலில் தானாக சார்ஜ்: எட்டு மாதக் கணக்கு

பெட்ரோல் கார் வைத்திருந்த காலத்திலிருந்தே டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. எத்தனை லிட்டர் போட்டேன், எத்தனை கி.மீ. ஓடியது என்று எழுதுவேன். "அம்மா, இதெல்லாம் ஆப்பிலேயே வருமே" என்று மகள் சிரிப்பாள். வரும்தான். ஆனால் அந்த ஆப்பைச் செய்தவர்களும் கார் விற்றவர்களும் ஒரே ஆட்கள். அதனால் மின்சாரக் கார் வாங்கியபோதும் நோட்டு கூடவே வந்தது.

காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கூரையில் சோலார் பேனல் உள்ள எந்தக் காருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஷோரூமில் சொன்னவை இரண்டு: ஒரு சார்ஜில் 420 கி.மீ.; கூரைப் பேனலால் வருடத்துக்கு 2,000 கி.மீ. வரை இலவசம். "மேடம், வெயிலில் விட்டால் போதும், அதுவே சார்ஜ் ஏத்திக்கும்" என்றார் அந்தத் தம்பி.

முதலில் 420. இது பொய்யில்லை, ஐரோப்பாவில் கார்களின் ரேஞ்சை அளக்கப் பயன்படுத்தும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் வந்த எண். அந்தச் சோதனையில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசி போடாமல், 23 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரச் சுற்றுகளாக ஓட்டுகிறார்கள். நடுவில் 131 வரை போனாலும் சராசரி வேகம் 46 கி.மீ.தான். சீனாவின் சி.எல்.டி.சி. சோதனையில் சராசரி வேகம் இன்னும் குறைவு, அதனால் ரேஞ்ச் இன்னும் பெரிதாக வரும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ. பல கார்களுக்கு உருளை மேல் கிடைத்த எண்ணை 0.7ஆல் பெருக்கித்தான் வெளியிடுகிறது. ஒரே கார், மூன்று ரேஞ்ச். விளம்பரத்தில் எண்ணைப் பார்த்தால் அது எந்தச் சோதனையின் எண் என்று கேளுங்கள்.

என் பேட்டரியில் பயன்படுத்த முடிவது 58 யூனிட் (கிலோவாட் மணி). நகருக்குள் 100 கி.மீ.க்கு 14.5 யூனிட் ஆகிறது, அதாவது 400 கி.மீ. குறையே சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் 110ல் போனால் 19.5 யூனிட். அங்கேதான் 420 என்பது 297 ஆகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவது. 55ல் போவதற்கும் 110ல் போவதற்கும் நான்கு மடங்கு வித்தியாசம். சரி, அந்த 297 ஆவது முழுதாகக் கிடைக்குமா? 80 சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜர் மெதுவாகிவிடும், 10க்குக் கீழே போக எனக்குத் தைரியம் இல்லை. நடுவில் உள்ள 70 சதவீதத்துக்கு 208 கி.மீ. நீண்ட பயணத்தில் என் காரின் ரேஞ்ச் என்று நான் சொல்வது இந்த 208ஐத்தான்.

அப்புறம் சோலார். "வரை" என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதற்குள் ஒரு வருட வெயிலையே அடைத்து வைத்திருக்கிறார்கள். கூரைப் பேனல் 220 வாட். 2,000 கி.மீ.க்கு, அவர்கள் கணக்கிலேயே, சுமார் 276 யூனிட் வேண்டும். அப்படியானால் வருடத்தில் ஒருநாள் விடாமல், தினமும் மூன்றரை மணி நேரத்துக்கு நிகராகப் பேனல் முழு வலுவோடு வேலை செய்தாக வேண்டும். இழப்புகளைச் சேர்த்தால் நாலரை மணி. பேனலின் வாட் கணக்கே சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயிலில், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. வெயிலில் நிற்கும் கார்க் கூரை 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் போய்விடும். வீட்டுப் பேனலைப் போலச் சூரியன் பக்கம் சாய்த்து வைக்கவும் முடியாது.

எட்டு மாதத்தில் ஆப் காட்டிய மொத்தம் 82 யூனிட். அதை அப்படியே நம்பினாலும் சுமார் 550 கி.மீ. அவர்கள் எண்ணின்படி 1,300ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அலுவலகத்தில் கார் நிற்பது பேஸ்மென்டில். இதில் பாதித் தவறு என்னுடையது.

அதனால் ஊருக்குப் போயிருந்த ஒன்பது நாளும் காரைத் திறந்த வெளியில் விட்டுப் பார்த்தேன். ஆப் சொன்னது 6.3 யூனிட். பேட்டரி ஏறியது 7 சதவீதம், அதாவது 4 யூனிட். மீதி எங்கே? இன்னொரு முறை ஒன்பது நாள் மூடிய இடத்தில் விட்டபோது, ஒன்றும் செய்யாமலே 2 சதவீதம் இறங்கியிருந்தது. கார் தூங்கும்போதும் கொஞ்சம் சாப்பிடும். மிச்சம் மின்னழுத்தத்தை மாற்றுவதில் போயிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 கி.மீ. என்று எழுதி வைத்தேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அடுத்த கணக்கு புரிந்தது. உள்ளே அடுப்பு. அதைக் குளிரவைக்க ஏசி முதல் பத்து நிமிடம் 3 கிலோவாட் அளவுக்கு இழுத்தது. அரை யூனிட் போச்சு. ஒருநாள் முழுக்க வெயிலில் காய்ந்து பேட்டரிக்குச் சேர்ந்ததே அவ்வளவுதான்.

சோலார் காரே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 2019இல் டொயோட்டா ஒரு பிரியஸ் காரின் கூரை, பானட், பின்கதவு எல்லாவற்றிலும் விலை உயர்ந்த சோலார் செல்களை ஒட்டி 860 வாட் எடுத்தது. நின்றபடியே ஒரு நாளில் 44.5 கி.மீ. வரை கிடைக்கும் என்றார்கள். நெதர்லாந்தில் உருவான லைட்இயர் 0 என்ற சோலார் காரில் 5 சதுர மீட்டர் பேனல், காற்றைக் கிழிக்கும் உடல், நாளுக்கு 70 கி.மீ. வரை என்று அறிவிப்பு. 2023 ஜனவரியில் அதன் தயாரிப்பே நின்றுபோனது. பேனல் பெரிதாக வேண்டும், கார் குறைவாகச் சாப்பிட வேண்டும். என் காரில் இரண்டும் இல்லை.

கார் நல்ல கார். ஓட்டச் சுகம், சத்தமில்லை, நகருக்குள் சொன்னதைச் செய்கிறது. அடுத்த முறை சோலார் கூரை இல்லாத மாடலைக் கேட்பேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். பேனல் மேல் விழும் காக்கை எச்சத்தைத் துடைப்பது மட்டும் ஒரு வேலை.