உச்சியில் உருண்டை சுற்றுகிறது, உள்ளே புழுக்கம் போகவில்லை: டர்போ வென்டிலேட்டர் வாங்குமுன் பாருங்கள்

வெயில் ஏறும் மாதங்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வேனில் டர்போ வென்டிலேட்டரோடு வருகிறார்கள். கூரை உச்சியில் பொருத்தினால் காற்றில் சுற்றி, உள்சூட்டை மேலே இழுத்து விடும் தகட்டு உருண்டை அது. "கரண்டு செலவே இல்லை, ஏசி மாதிரி குளிரும்" என்பது பேச்சு. காவேரிப்பட்டணம் அருகே ஒரு கான்கிரீட் வீட்டில் 24 அங்குல உருண்டை இரண்டைப் பொருத்தி, கூலியோடு 38,000 ரூபாய் வாங்கிப் போனார்கள். இரண்டும் ஜோராகச் சுற்றுகின்றன. புழுக்கம் அப்படியே இருக்கிறது. முதல் கோடை மழைக்கே கூடத்தில் ஒழுகல். விற்றவர் போனை எடுப்பதில்லை.

சுற்றுவதைக் காட்டித்தான் விற்கிறார்கள். மாடிக் காற்று தகட்டைத் தள்ளினால் அது சுற்றும். ஓட்டையே இல்லாத சிமெண்ட் திட்டின் மேல் வைத்தாலும் சுற்றும். மேலே வெளியேற வேண்டுமானால் கீழே உள்ளே வர வழி இருக்க வேண்டும்.

உருண்டைக்குக் கீழே காற்று ஏறும் வட்டக் குழாய்தான் கழுத்து. 24 அங்குலக் கழுத்தின் பரப்பு 3.14 சதுர அடி, இரண்டுக்கும் 6.28. அந்த வீட்டில் கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து ராத்திரி ஜன்னல் எல்லாம் சாத்திவிடுகிறார்கள். மிச்சம் இரண்டு கதவுகளின் அடிச்சந்து: 3 அடி அகலம், அரை அங்குல உயரம். சேர்த்தால் கால் சதுர அடி, மேலே உள்ள வழியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. சின்ன வழிதான் காற்றின் அளவைத் தீர்மானிக்கும் என்பதால் அங்கே இருபது உருண்டை வைத்தாலும் இதே கதைதான்.

"ஒரு உருண்டை நிமிடத்துக்கு 2,500 கன அடி காற்று இழுக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். 3.14-ஆல் வகுத்துப் பாருங்கள்: கழுத்தில் காற்று நிமிடத்துக்கு 800 அடி, அதாவது மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். காற்றசையாத ஏப்ரல் இரவில், உள்ளே வெளியைவிட 3 டிகிரி சூடு, கீழ்வழிக்கும் கழுத்துக்கும் 10 அடி உயரம், கீழ்வழியும் கழுத்தளவு என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு உருண்டையில் கிடைப்பது நிமிடத்துக்குச் சுமார் 200 கன அடி.

பகலில் இன்னும் மோசம். வெளியே 38, வீட்டுக்குள் 33 என்றால் இழுத்து வருவதே அனல்தான். கான்கிரீட் வீட்டில் உடம்பைச் சுடுவது முக்கியமாகத் தளத்திலிருந்து இறங்கும் வெப்பம். அதை உருண்டை தொடாது. மாடிக்குச் சுண்ணாம்பு இரண்டு மூன்று கோட், அல்லது வெள்ளைத் தட்டோடு, முதலில் அதைச் செய்யுங்கள். காலை 9 மணிக்கு ஜன்னலைச் சாத்தி, வெளியே குளிர்ந்தபின் எதிரெதிர்ச் சுவர்களில் திறந்து விடியும்வரை விடுங்கள். இது மேட்டு நிலம், ராத்திரி சூடு நன்றாக இறங்கும். அந்தக் குளிர்ச்சி இனாம்.

பணம் போனதைவிடப் பெரிய கேடு தளத்தில். 6 அங்குல இடைவெளியில் கம்பி கட்டிய தளத்தில் 2 அடி ஓட்டை போட்டால் இரண்டு திசையிலும் நான்கு நான்கு கம்பி அறுபடும். காவேரிப்பட்டணத்து வீட்டில் பிரேக்கரால் உடைத்து, விளிம்பில் வெள்ளை சிமெண்ட் மட்டும் பூசி விட்டிருக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றிக் குறைந்தது 6 அங்குல உயரத்துக்குத் திட்டுக் கட்டி, அதன்மேல் உருண்டையின் அடித்தட்டு கவிழ்ந்து இறங்க வேண்டும். ஏற்கெனவே உடைத்தவர்கள் விரிசல் ஓடுகிறதா என்று பொறியாளரிடம் காட்டுங்கள்.

விறகடுப்போ, குளியலறையில் கேஸ் கீசரோ இருந்தால் கூடுதல் கவனம். கீழ்வழி இல்லாத வீட்டில் மேலே இழுத்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் வெளியே போகாமல் திரும்பி உள்ளே வரும்.

பொருளே மோசமில்லை. தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட மாங்காய் மண்டி, தையல் கூடம் இவற்றில் கூரைக்கடியில் தேங்கும் சூட்டை நன்றாக எடுக்கும். அங்கும் கீழே, நிழல் விழும் பக்கத்தில், ஒரு உருண்டைக்கு 3.14 சதுர அடியாவது திறப்பு வேண்டும். கொசுவலை அடித்தால் திறப்பைப் பாதியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே 6 சதுர அடிக்கு மேல் விடுங்கள்.

முழுப்பணம் கொடுக்குமுன் ஊதுபத்தி ஏற்றிக் கீழ்த்திறப்பில் பிடியுங்கள். புகை நேராக உள்ளே சாய வேண்டும். அசையாமல் மேலே எழுந்தால் மீதியைக் கொடுக்காதீர்கள். ரசீதில் அந்த வீட்டுக்காரருக்குக் கிடைத்தது "வென்டிலேட்டர் 2" என்ற ஒரே வரி. கழுத்தளவு, தகடு அலுமினியமா வேறா, பேரிங் மாற்றித் தரும் காலம், ஒரு மழைக்காலத்துக்கு ஒழுகல் பொறுப்பு, இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் மார்கழிக் குளிருக்கு மூடிவைக்கக் கழுத்தில் ஒரு மூடியும் கேளுங்கள்.