ராயபுரம் ஸ்டேஷனுக்கு எது பொருந்தும்: கான்ஃபிராங்கா, டென்வரா?

1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அதற்கு முன்பே ரயில் ஓடிய பம்பாய் போரி பந்தரிலும் தானேயிலும் இருந்த முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை. நாட்டில் மிச்சமிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மூத்தது நம் ராயபுரம்தான். அந்த உயரமான தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலை எனக்கு வந்துவிடும். ஓட்டலாக்குவது ஒரு வழி. அதிலும் இரண்டு விதம் இருக்கிறது.

ஸ்பெயின் மலைப்பகுதியில் இருக்கும் கான்ஃபிராங்க் 1928-ல் திறந்த ஸ்டேஷன். கட்டடம் மட்டுமே கிட்டத்தட்ட 240 மீட்டர் நீளம். 1970-ல் பிரான்ஸ் பக்கம் ஒரு பாலம் உடைந்தது, எல்லை தாண்டும் ரயில் நின்றது. பாழாகிக்கொண்டிருந்த அந்த மாளிகை 2023-ல் 104 அறைகளோடு ஓட்டலாகத் திறந்தது. டிக்கெட் வாங்கிய பெரிய கூடம்தான் இப்போது ரிசப்ஷன். ரயிலுக்குப் பக்கத்திலேயே வேறு ஸ்டேஷன் கட்டிவிட்டார்கள். அழகாகக் காப்பாற்றியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வண்டி பிடிக்க வருகிறவருக்கு அந்தக் கட்டடத்தில் இனி வேலை இல்லை.

அமெரிக்காவின் டென்வர் நகர யூனியன் ஸ்டேஷனிலும் ஓட்டல் இருக்கிறது, அறைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான், 112. அந்த ஓட்டல் 2014-ல் வந்தது. அறைகள் மாடியில், கீழே ஹால் ஸ்டேஷனாகவே இருக்கிறது. தூர ஊர் ரயிலும் நிற்கிறது, ஏர்போர்ட் ரயிலும் கிளம்புகிறது. பெட்டியோடு வரும் பயணியும் ஓட்டலில் தங்குகிறவரும் ஒரே வாசலில்தான் நுழைகிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

மியூசியம் ஆக்கலாமே என்பார்கள். பாரிஸின் ஆர்சே ஸ்டேஷன் 1986-ல் அப்படித்தான் மாறியது. சரி, ஆனால் சென்னையில் ஐ.சி.எஃப் என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் ரயில் மியூசியம் ஏற்கெனவே இருக்கிறதே.

ராயபுரம் சின்னக் கட்டடம். நூறு அறை கேட்டால் பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி எழும்பி, தூண்கள் முகப்பு அலங்காரமாகிவிடும். பத்துப் பன்னிரண்டு அறை போதும். பிளாட்பாரம், கவுன்டர், முன் வாசல் மூன்றிலும் யாரும் கை வைக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நிற்கிறவரும், காசிமேட்டு மீன் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற அம்மாவும் அந்தத் தூண் நிழலில் எப்போதும்போல உட்கார வேண்டும். காவலாளி வந்து எழுப்பக் கூடாது.