இரண்டு இணைப்புகள், ஒரு ரவுட்டர்: எம்வான்3 மதிப்புரை

வீட்டுக்கு இரண்டாவது இணைய இணைப்பு வாங்குபவர்களில் பலர், 100 எம்பிபிஎஸ் இணைப்பையும் 50 எம்பிபிஎஸ் இணைப்பையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டால் 150 எம்பிபிஎஸ் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருக்கும் எம்வான்3 என்ற மென்பொருள் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றாது. நிறைவேற்றுவதாக வாக்களிப்பதும் இல்லை. ஒருவர் விளையாடிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் 100 ஜிபி அளவுள்ள கோப்பைப் பதிவிறக்கினாலும், இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து நிறுத்துவதுதான் அதன் பலம். ஒரு வீட்டுக்கு இரண்டு இணைப்புகள் தரக்கூடிய உண்மையான பயனும் அந்தப் பிரிவினைதான் என்பது என் உறுதியான கருத்து.

எம்வான்3 தனியாக இயங்கும் பொருள் அன்று. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரவுட்டர் இயங்குதளத்தில் கூடுதலாக நிறுவிக்கொள்ளும் தொகுப்பு அது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரல் 2003-இல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின்கீழ் வெளியானதை ஒட்டி, 2004-இல் தொடங்கிய திட்டம் ஓப்பன்டபிள்யூஆர்டி. இரண்டும் இலவசம். உங்கள் ரவுட்டரின் மாதிரி அத்திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் அமைப்பு நான்கு அடுக்குகளைக் கொண்டது. இடைமுகம் என்பது ஒவ்வோர் இணைப்பையும் குறிக்கும். அந்த இடைமுகத்துக்கு மெட்ரிக் என்ற முன்னுரிமை எண்ணும் ஓர் எடையும் கொடுத்தால் அது உறுப்பு ஆகிறது. உறுப்புகளைச் சேர்த்துக் கொள்கை அமைக்கிறோம். எந்தப் போக்குவரத்து எந்தக் கொள்கையின்படி செல்ல வேண்டும் என்பதை விதி முடிவு செய்கிறது. ஒரே கொள்கையில் உள்ள உறுப்புகளுக்கு மெட்ரிக் சமமாக இருந்தால் எடைக்கு ஏற்பச் சுமை பகிரப்படும்; வேறுபட்டால் குறைந்த எண் கொண்டது முதலில் பயன்படும், அது விழுந்தால்தான் அடுத்தது வரும். முதல் பார்வைக்கு இது தேவைக்கு மீறிய சிக்கலாகத் தோன்றலாம், ஆனால் விளையாட்டுக்கு ஒரு கொள்கை, பதிவிறக்கத்துக்கு ஒரு கொள்கை, மற்றவற்றுக்கு ஒரு கொள்கை என்று எழுதத் தொடங்கியதும் இந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

நிறுவியவுடன் கிடைக்கும் மாதிரி அமைப்பு இரு இணைப்புகளுக்கும் இடையே சுமையைப் பகிர்கிறது. இந்தப் பகிர்வு பாக்கெட் பாக்கெட்டாக, அதாவது தரவின் சிறு துண்டு துண்டாக, நடப்பதில்லை. ஒரு தொடர்பு தொடங்கும்போது எந்த இணைப்பு ஒதுக்கப்பட்டதோ, அது முடியும்வரை அதிலேயே செல்லும். இரண்டு கிணறுகள் இருந்தாலும் ஒரு வாளி ஒரு நேரத்தில் ஒரு கிணற்றில்தான் இறங்க முடியும். ஆகவே ஒற்றைத் தொடர்பில் நடக்கும் பதிவிறக்கம் ஓர் இணைப்பின் வேகத்தைத் தாண்டாது. விளையாட்டுக் கடையான ஸ்டீம், கோப்புப் பகிர்வு முறையான டொரண்ட் போன்றவை ஒரே சமயத்தில் பல தொடர்புகளைத் திறப்பதால் அவற்றுக்கு மட்டும் இரு இணைப்புகளின் வேகமும் ஏறத்தாழ முழுமையாகக் கிடைக்கக்கூடும். வங்கித் தளங்களைப் போல, அமர்வின் நடுவில், இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் ஐபி முகவரி மாறினால் வெளியேற்றிவிடும் தளங்களுக்காக, ஒரு சாதனத்தைச் சிறிது நேரம் ஒரே இணைப்பில் நிலைநிறுத்தும் வசதி உண்டு. மாதிரி அமைப்பிலேயே, பாதுகாப்பான இணையத்தளங்கள் பயன்படுத்தும் 443-ஆம் போர்ட்டுக்கு (போர்ட் என்பது சேவையைப் பிரித்தறியும் எண்) அது இயக்கப்பட்டிருப்பது நல்ல முன்யோசனை.

விளையாட்டுக்கு இந்தச் சுமைப் பகிர்வால் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலான இணையவழி விளையாட்டுகள் நொடிக்கு ஒரு மெகாபிட்டைக்கூடத் தொடுவதில்லை. காணொளியாகவே வந்து சேரும் கிளவுட் விளையாட்டுகள் மட்டும் வேறு வகை. விளையாட்டுக்கு வேண்டியது குறைந்த தாமதமும், அந்தத் தாமதம் ஏறி இறங்காமல் இருப்பதும், பாக்கெட்டுகள் தொலையாமல் வருவதும்தான். இவற்றைக் கெடுப்பது இணைப்பின் வேகக் குறைவைக் காட்டிலும், மோடத்தின் பஃபரில், அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில், சேரும் நீண்ட வரிசையே ஆகும். 10 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில் ஒரு மெகாபைட் அளவுள்ள பஃபர் நிரம்பிவிட்டால், புதிதாக வரும் சிறிய விளையாட்டுப் பாக்கெட் சுமார் 800 மில்லிநொடி காத்திருந்த பிறகே வெளியேறும். பதிவிறக்கம் மட்டும்தானே நடக்கிறது, பதிவேற்றம் ஏன் நிரம்ப வேண்டும் என்று கேட்கலாம். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் கோப்பு இறங்கும்போது, பெற்றுக்கொண்டதை உறுதிசெய்யும் சிறு பாக்கெட்டுகள் மட்டுமே எதிர்த்திசையில் ஏறக்குறைய 2 எம்பிபிஎஸ் எடுத்துக்கொள்ளும். பதிவேற்ற வேகம் மிகக் குறைவான இணைப்புகளில் இந்த அளவே கழுத்தை நெரிக்கப் போதும்.

எனவே எம்வான்3-இல் உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் விதிகள். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லுபடியாகும். விளையாட்டுக் கன்சோலுக்கு எழுதுவது எளிது: அதற்கு வீட்டு வலையமைப்பில் நிலையான ஐபி முகவரி ஒன்றை ஒதுக்கி, அந்த முகவரியிலிருந்து வரும் அனைத்தும் தாமதம் குறைந்த இணைப்பில் செல்ல வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கன்சோல் தானே பதிவிறக்கும் விளையாட்டுக் கோப்புகளும் அதே இணைப்பில்தான் வரும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

விளையாட்டும் பதிவிறக்கமும் ஒரே கணினியில் நடக்கும்போதுதான் விதி எழுதும் கலை தேவைப்படுகிறது. விளையாட்டின் நேரடிப் போக்குவரத்து பெரும்பாலும் பதிலுக்குக் காத்திராத யுடிபி நெறிமுறையிலும், ஸ்டீம் போன்ற கடைகளின் கோப்புகள் பெற்றதை உறுதிசெய்துகொள்ளும் டிசிபி வழியாக 80, 443 ஆகிய போர்ட்டுகளிலும் வருகின்றன. அதனால் அந்தக் கணினியின் யுடிபி முழுவதையும் தாமதம் குறைந்த முதல் இணைப்புக்கும், டிசிபி முழுவதையும் இரண்டாம் இணைப்புக்கும் அனுப்புவது நல்ல தொடக்கம். ஆனால் 2021-இல் தரநிலையாக்கப்பட்ட குவிக் நெறிமுறையைப் பயன்படுத்தும் உலாவிகளும் காணொளித் தளங்களும் 443-ஆம் போர்ட்டில் யுடிபியையே அனுப்புகின்றன. இவற்றை இரண்டாம் இணைப்புக்குத் திருப்பும் விதியைப் பொதுவான யுடிபி விதிக்கு மேலே வைக்காவிட்டால், அடுத்த சாளரத்தில் ஓடும் உயர்தரக் காணொளி விளையாட்டின் இணைப்பிலேயே வந்து உட்காரும். டொரண்ட் செயலிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் அவை பயன்படுத்தும் யுடிபி நெறிமுறையும் பொதுவிதியில் சிக்கிக்கொள்ளும். செயலியின் அமைப்பில் டிசிபியை மட்டும் தேர்ந்தெடுப்பது எளிய தீர்வு; டொரண்டை வேறொரு சாதனத்துக்கு மாற்றிவிடுவது அதைவிடத் தூய்மையானது. விதியை மாற்றிய பிறகும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொடர்புகள் பழைய வழியிலேயே தொடரும் என்பதால், சோதித்துப் பார்ப்பதற்கு முன் செயலியை மூடித் திறக்க வேண்டும். இதை அறியாமல் சரியான விதியைத் தவறென்று நினைத்து அழித்துவிடுபவர்கள் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும், எஸ்கியூஎம் என்ற இன்னொரு தொகுப்பைச் சேர்க்காவிட்டால் அமைப்பு முழுமை அடையாது என்றே சொல்வேன். போக்குவரத்தை எந்த வழியில் அனுப்புவது என்பதை எம்வான்3 முடிவு செய்கிறது. அந்த வழியில் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்வது எஸ்கியூஎம். அது பயன்படுத்தும் எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. அதன் வழிவந்த கேக் அதே ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 4.19 பதிப்பில் சேர்ந்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக இதை இயக்கி, அளந்தறிந்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதம்வரை வரம்பு வைத்தால், வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். வேகத்தில் சிறு பங்கை இழக்கிறோம். அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைக்கும் நிலையான பிங் (பாக்கெட் சென்று திரும்பும் நேரம்), விளையாடுபவருக்கு எந்த வேகச் சோதனை எண்ணையும்விடப் பெரிது. ஒரே இணைப்பு உள்ள வீட்டிலும் இதை மட்டும் இயக்கிப் பார்ப்பது இரண்டாவது இணைப்பு வாங்குவதற்கு முந்திய படியாக இருக்க வேண்டும். பலருடைய சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். இதற்கு ரவுட்டரின் சிபியு நன்றாக உழைக்க வேண்டும், அதைத் தவிர்த்துப் போக்குவரத்தைக் கடத்தும் வன்பொருள் வேகமூட்டலை நிறுத்தியாக வேண்டும். ஆகவே மலிவான பழைய ரவுட்டரில் அதிவேக இணைப்புகளை இப்படி நடத்த முடியாது. வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் மொபைல் இணைப்புகளுக்கு நிலையான வரம்பு பொருந்துவதும் இல்லை.

ஓர் இணைப்பு அறுந்தால் மற்றொன்றுக்கு மாறும் வேலையை எம்வான்3 நேர்த்தியாகச் செய்கிறது. நாம் கொடுக்கும் முகவரிகளுக்கு ஒவ்வோர் இணைப்பின் வழியாகவும் குறித்த இடைவெளியில் பிங் என்ற சோதனைப் பாக்கெட் அனுப்பி, தொடர்ந்து எத்தனை முறை பதில் வராவிட்டால் இணைப்பு விழுந்ததாகக் கொள்வது என்பதையும் நம்மையே தீர்மானிக்க விடுகிறது. கேபிள் செருகியிருந்தும் இணையம் இல்லாத நிலையை இதனால் கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் இதனால் காப்பாற்றப்படாது. வெளி ஐபி முகவரி மாறுவதால் பெரும்பாலான விளையாட்டுகளில் சர்வர் தொடர்பு அறுந்து, மீண்டும் சேர வேண்டியிருக்கும். இரு இணைப்புகளும் ஒரே கம்பத்தின் வழியாக வந்தால் இரண்டும் ஒன்றாக விழும் வாய்ப்பும் இருக்கிறது. ஒன்று ஃபைபர் என்றால் மற்றொன்று வேறு ஊடகத்தில் வருவது நல்லது.

குறைகளைச் சொல்ல வேண்டும். ரவுட்டரின் வலையமைப்பு அமைப்பில் (இது உறுப்புகளுக்குக் கொடுக்கும் மெட்ரிக் அன்று) ஒவ்வோர் இணைப்புக்கும் வெவ்வேறு மெட்ரிக் கொடுக்காவிட்டால் எம்வான்3 சரியாக இயங்காது. இதைப் புதியவர் தானாக ஊகிக்க வழியில்லை. இரு மோடங்களும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே முகவரித் தொகுதியைக் கொடுத்தால் மோதல் வரும். ஒன்றில் அதை மாற்றியாக வேண்டும். போர்ட்டுகளைத் தானாகத் திறக்கும் யுபிஎன்பி சேவை இயல்பாக ஒரே ஒரு வெளி இடைமுகத்தையே கவனிக்கும் என்பதால், அதையும் விளையாட்டுக்கு ஒதுக்கிய இணைப்போடு பொருத்த வேண்டும். 2022-இல் வந்த 22.03 பதிப்பு முதல் ஓப்பன்டபிள்யூஆர்டியின் தீச்சுவர் என்எஃப்டேபிள்ஸ் என்ற புதிய விதிக் கருவிக்கு மாறிவிட்டது, எம்வான்3-யோ அதற்கு முந்திய ஐபிடேபிள்ஸை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டது. இடையில் ஒரு பொருத்த அடுக்கு நின்று வேலை செய்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, ஐபி முகவரிகளின் புதிய தலைமுறையான ஐபிவி6. இணைப்பு தரும் இரு நிறுவனங்களும் தத்தம் ஐபிவி6 முகவரிகளை வீட்டுச் சாதனங்களுக்குக் கொடுக்கும்போது, எந்த முகவரியில் பேசுவது என்பதைச் சாதனமே தேர்ந்தெடுக்கிறது. பழைய தலைமுறையான ஐபிவி4-க்கு நாம் கவனமாக எழுதிய விதிகள் அங்கே செல்லாது. இரு இணைப்புகளில் ஒன்றில் மட்டும் ஐபிவி6-ஐ வைத்துக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறைக்கு உகந்தது, அதையும் விளையாட்டுக்கான இணைப்பிலேயே வைத்தால் பதிவிறக்கங்கள் ஐபிவி6 வழியாக அங்கே புகுந்துவிடும் என்பதால், பதிவிறக்கத்துக்கான இணைப்பில் வைப்பதே பொருத்தம்.

வேகங்களை உண்மையிலேயே கூட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஓப்பன்எம்பிடிசிபிரவுட்டர் இருக்கிறது. வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, இரு இணைப்புகளையும் அங்கே ஒன்றாக இணைக்கும் முறை அது. போக்குவரத்து அந்தச் சர்வரைச் சுற்றிக்கொண்டு செல்வதால் தாமதம் கூடலாம், ஆகவே விளையாட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது, சிக்கல் டொரண்டால் மட்டுமே வருகிறது என்பவர்களுக்கு எம்வான்3-உம் வேண்டாம். கணினியில் ஓர் இணைப்பைக் கேபிளிலும் மற்றொன்றை வைஃபையிலும் சேர்த்துவிட்டு, க்யூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் செயலியின் மேம்பட்ட அமைப்புகளில் வைஃபை இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்தால், டொரண்ட் அந்த இணைப்போடு நின்றுவிடும். விண்டோஸ் வழக்கமாகக் கேபிளுக்கு முன்னுரிமை தருவதால் விளையாட்டு கேபிளிலேயே தொடரும்.