தென்கொரியாவின் ராணுவத் தளவாட விற்பனை: வாங்குபவர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கே9 என்ற கொரியப் பீரங்கிக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தால், சிறிது நேரத்திலேயே பீரங்கியை ஓரமாக வைத்துவிட்டு அதை விற்கும் முறையைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறோம். அரசும் ஆலைகளும் வங்கிகளும் ராணுவமும் ஒரே கடையின் ஆட்களைப் போல நின்று விற்கும் சரக்கு அது. ஆகவே சரக்கை முதலிலும், கடையைப் பிறகும் எடுத்துக்கொள்கிறேன்.

கே9 என்பது 155 மி.மீ. குழல் விட்டமுள்ள, சங்கிலிச் சக்கரங்களில் தானே நகரும் பீரங்கி. எடை சுமார் 47 டன். 1,000 குதிரைத்திறன் கொண்ட எந்திரம். குண்டு பாயும் தூரம் 40 கிலோமீட்டர். நெருக்கடியில் 15 வினாடிகளில் மூன்று குண்டுகள். கொரிய அரசின் பாதுகாப்பு மேம்பாட்டு முகமையும் அன்றைய சாம்சங் குழும நிறுவனமும் 1989இல் உருவாக்கத் தொடங்கிய இது, 1999இல் கொரிய ராணுவத்தில் சேர்ந்தது. சாம்சங் பின்னர் அந்த நிறுவனத்தை ஹன்வா குழுமத்துக்கு விற்றுவிட்டது. ஜெர்மனியின் பிஇசட்எச் 2000 பீரங்கி இதைவிட நுட்பமானது என்பதையும் விலை கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைகளையும் மறைப்பதற்கில்லை. 2010 நவம்பரில் வடகொரியா யோன்பியோங் தீவின் மீது குண்டு பொழிந்தபோது, அங்கிருந்த ஆறு கே9களில் மூன்றுதான் முதல் பதிலடியில் கலந்துகொள்ள முடிந்தது. 2017 ஆகஸ்டில் சோர்வோன் பயிற்சிக் களத்தில் ஒரு பீரங்கிக்குள் தீப்பற்றி மூன்று வீரர்கள் இறந்தனர்.

இத்தனைக்கும் பிறகு, துருக்கியில் 2001இல் தொடங்கி பின்லாந்து, இந்தியா, நார்வே, எஸ்டோனியா, ஆஸ்திரேலியா, எகிப்து, போலந்து, ருமேனியா என்று வாங்கியவர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பீரங்கியின் திறன் ஒன்றே இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

2006இல் அமைக்கப்பட்ட பாதுகாப்புக் கொள்முதல் திட்ட நிர்வாகம்தான் இந்தக் கடையின் கல்லா. கொரிய ராணுவத்துக்கு எதை, எவரிடம் வாங்குவது என்பதையும், கொரியச் சரக்கு எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதையும் தீர்மானிப்பது அதே அலுவலகம். வாங்குபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: ஏற்றுமதிக்கு இசைவு தரும் கையும், உற்பத்தி வரிசையில் யாருக்கு முன்னிடம் என்று சொல்லக்கூடிய கையும் ஒன்றாக இருக்கின்றன. தனியார் நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போடத் தயங்கும் நாடுகளுக்கு, கோட்ரா என்னும் அரசு வணிக முகமை தானே கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கிறது. 2012இல் பெரு வாங்கிய 20 கேடி-1 பயிற்சி விமானங்களும், 2014இல் பிலிப்பைன்ஸ் 1,890 கோடி பெசோவுக்கு வாங்கிய 12 எப்ஏ-50 போர் விமானங்களும் அந்த வழியில் விற்கப்பட்டவை. பிலிப்பைன்ஸ் 2025 ஜூனில் மேலும் 12 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. ஒரு கடைக்கு வாடிக்கையாளர் மறுபடி வருவதைக் காட்டிலும் நம்பகமான நற்சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பணம் குறைந்தவர்களுக்கும் இங்கே வழி இருக்கிறது. 2017இல் பின்லாந்து 48 கே9களை ஏறக்குறைய 14.6 கோடி யூரோவுக்கு வாங்கியது; அவை கொரிய ராணுவம் பயன்படுத்திய பழைய பீரங்கிகள். அடுத்த ஆண்டு எஸ்டோனியாவும் அதே வழியில் 12 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. தன் படையிடமிருந்தே எடுத்து விற்கும் துணிவு அரசுக்கு இருந்தால்தான் இப்படிப்பட்ட வியாபாரம் நடக்கும். ஆலை மட்டும் நினைத்து நடக்கக்கூடியது அன்று.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த முகத்தையும் மிக மோசமான முகத்தையும் ஒரே வாடிக்கையாளர் பார்த்திருக்கிறார். உக்ரைன் போர் தொடங்கியதும் போலந்து தன்னிடமிருந்த 200க்கும் மேற்பட்ட டி-72 டாங்கிகளை அண்டை நாட்டுக்கு அனுப்பிவிட்டு, வெறுமையான கொட்டகைகளை நிரப்ப ஆள் தேடியது. அமெரிக்காவின் ஹைமார்ஸ் ராக்கெட் செலுத்திகளை நூற்றுக்கணக்கில் கேட்டுப் பார்த்தது; வேண்டிய காலத்துக்குள் அத்தனை கிடைக்காது என்று தெரிந்தது. 2022 ஜூனில் மாட்ரிட் நகரில் நேட்டோ மாநாட்டுக்கு வந்திருந்த இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்துக்கொண்டார்கள். ஜூலை 27 அன்று, மொத்தத் திட்டத்தை மட்டும் வரையறுக்கும் சட்டக ஒப்பந்தம்; ஆகஸ்ட் 26 அன்று 180 கே2 டாங்கிகளுக்கும் 212 கே9 பீரங்கிகளுக்கும், வாங்குவதை உறுதிசெய்யும் செயலாக்க ஒப்பந்தங்கள்; டிசம்பர் 6 அன்று 10 டாங்கிகளும் 24 பீரங்கிகளும் கிடினியா துறைமுகத்தில் இறங்கின. கையெழுத்துக்கும் கப்பலுக்கும் இடையே ஏறக்குறைய நூறு நாட்கள். மாநகராட்சிக் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கு இந்த வேகத்தின் அருமை புரியும்.

இது எப்படி முடிந்தது என்பதில்தான் அரசு–ஆலைக் கூட்டின் உட்பொருள் இருக்கிறது. வடகொரியாவை எதிரே வைத்துக்கொண்டு வாழும் நாடு என்பதால், மேற்கு ஐரோப்பியர்கள் பனிப்போர் முடிந்ததும் சுருக்கிக்கொண்ட உற்பத்தி வரிசைகளைக் கொரியர்கள் நிறுத்தவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வரிசையில் சொந்த ராணுவத்துக்கென ஒதுக்கியிருந்த இடத்தை அரசு விட்டுக்கொடுத்தது. ராணுவம் தன் முறைக்காகப் பின்னால் போய் நின்றது. போலந்து காசு கொடுத்து வாங்கியது பீரங்கியோடு சேர்த்து அந்த வரிசையில் ஓர் இடத்தையும்தான். ஜெர்மனியோ அமெரிக்காவோ அந்த ஆண்டு அந்த இடத்தைத் தரும் நிலையில் இல்லை.

இனி மோசமான முகம். இத்தனை பெரிய வியாபாரத்துக்கு விற்பவரே கடனும் ஏற்பாடு செய்து தந்தார். கொரிய ஏற்றுமதி இறக்குமதி வங்கியும் வணிகக் காப்பீட்டுக் கழகமும் முதல் கட்ட ஒப்பந்தங்களுக்குப் பொறுப்பேற்றதிலேயே, ஒரே கடனாளிக்குத் தரக்கூடிய உச்சவரம்பு ஏறக்குறைய தீர்ந்துபோனது. அந்த வரம்பு வங்கியின் மூலதனத்தைப் பொறுத்தது. மூலதனத்தை உயர்த்தவோ சட்டத்தைத் திருத்த வேண்டும். நாடாளுமன்றம் 15 லட்சம் கோடி வோனாக இருந்த சட்டபூர்வ மூலதனத்தை 25 லட்சம் கோடி வோனாக உயர்த்தியது 2024 பிப்ரவரி இறுதியில்தான். போலந்திலும் இடையில் ஆட்சி மாறியது. உள்நாட்டில் எத்தனை டாங்கிகளைக் கட்டுவது, எந்தத் தொழில்நுட்பத்தைக் கைமாற்றுவது என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போக, அடுத்த 180 டாங்கிகளுக்கான ஒப்பந்தம் 2025 ஆகஸ்ட் 1 அன்றுதான் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 650 கோடி டாலர். முதல் 180 டாங்கிகளுக்கு ஆனது ஏறத்தாழ 340 கோடி டாலர். இரண்டாவதில் துணை வாகனங்களும் போலந்திலேயே கட்டும் செலவும் அடங்கியிருப்பதால் இவ்விரண்டையும் தட்டில் வைத்து அப்படியே நிறுப்பது நியாயமில்லை. இருந்தாலும், 'ஆயிரம் டாங்கி' என்று தொடக்கத்தில் ஒலித்த எண்ணைக் கேட்டு மகிழ்ந்த எவரும், சட்டக ஒப்பந்தம் வேறு, செயலாக்க ஒப்பந்தம் வேறு என்பதை இங்கே கற்றுக்கொள்ளலாம். போலந்து ஆணை கொடுத்திருந்த எப்ஏ-50 விமானங்களில் முதல் 12ஐ 2023ஆம் ஆண்டுக்குள் கொடுத்துவிட்டார்கள். போலந்துக்கென மாற்றியமைக்க வேண்டிய மற்ற 36 விமானங்களோ, ஆயுதங்களைப் பொருத்தும் சிக்கலில் காலம் தாழ்ந்தன. கையிருப்பில் உள்ளதை எடுத்துக்கொடுப்பதில் இந்தக் கடைக்கு நிகரில்லை. அளவெடுத்துத் தைத்துத் தரச் சொன்னால் இதுவும் மற்றக் கடைகளைப் போலத்தான்.

தோற்ற இடங்களையும் பார்க்க வேண்டும். நார்வேயின் பனியில் கே2 டாங்கி சோதனைகளில் ஓடிக் காட்டியும், அந்நாடு 2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் லெப்பர்டு 2ஐத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனும் 2024இல் பீரங்கிக்கு ஜெர்மனியின் பக்கமே சாய்ந்தது. அண்டை நாடுகள் எதை வைத்திருக்கின்றன, போரில் யாருடைய உதிரிபாகம் யாருக்குப் பொருந்தும் என்ற கணக்குக்கு முன்னால் விரைவான விநியோகம் செல்லுபடியாகவில்லை. ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் போட்டியில் நடந்தது வேறு வகைத் தோல்வி. கொரியாவின் கப்பல் கட்டும் நிறுவனங்களான எச்டி ஹூண்டாயும் ஹன்வா ஓஷனும் உள்நாட்டுப் போர்க்கப்பல் ஆணை ஒன்றுக்காக வழக்குவரை போய்ச் சண்டையிட்டுக்கொண்டிருந்த வேளை அது. இருவரும் ஒரே வாடிக்கையாளரிடம் தனித்தனியாகப் போய் நின்றார்கள். 2024 நவம்பரில் ஆஸ்திரேலியா ஜப்பானையும் ஜெர்மனியையும் மட்டும் இறுதிச் சுற்றுக்கு எடுத்துக்கொண்டது. கூட்டு என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே ஆலைகள் அடித்துக்கொள்ள, கல்லாவில் இருந்த அரசு தடுக்கவில்லை. 2025 பிப்ரவரியில்தான், நீர்மூழ்கிக்கு ஹன்வா முன்நிற்பது, மேற்பரப்புக் கப்பல்களுக்கு ஹூண்டாய் முன்நிற்பது என்று கொள்முதல் நிர்வாகத்தின் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டில் கனடாவின் நீர்மூழ்கித் திட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இறுதி இருவரில் ஒருவராக வந்தது பலன். அதே ஆண்டு நவம்பரில் போலந்து தன் நீர்மூழ்கிகளுக்கு ஸ்வீடனைத் தேர்ந்தெடுத்தது ஏமாற்றம்.

நாட்டின் தலைவரே முதன்மை விற்பனையாளராக இருக்கும் கடையில், தலைவருக்கு வரும் தலைவலி கடைக்கும் வரும். 2024 டிசம்பர் 3 இரவு அன்றைய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்துச் சில மணி நேரத்தில் பின்வாங்கினார். அந்த வாரமே வரவிருந்த ஸ்வீடன் பிரதமர் பயணத்தை ஒத்திவைத்தார். 2022இல் 1,730 கோடி டாலர் என்று உச்சம் தொட்ட கொரிய ஏற்றுமதி ஒப்பந்தங்களின் மதிப்பு 2024இல் சுமார் 950 கோடிக்கு இறங்கியதற்கு அந்த இரவைக் காரணம் காட்ட முடியாது. போலந்தின் இரண்டாம் ஒப்பந்தம் தள்ளிப்போனதே அதன் பெரும்பகுதியை விளக்கிவிடும்.

அமெரிக்காவின் அரசுவழி ஆயுத விற்பனையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே வாங்குபவர் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போடுகிறார், பென்டகன் ஆலையிடம் வாங்கித் தருகிறது, அதற்கு 3.2 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் உண்டு. நடைமுறை ஒழுங்கானது, ஆவணங்கள் தெளிவானவை, காத்திருப்பு நீண்டது. தொழில்நுட்பம் கேட்டால் பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும். கொரியர்கள் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்: ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் ஹன்வா ஆலையே கட்டியிருக்கிறது. ஒரு பூட்டின் சாவி மட்டும் நெடுநாள் அவர்கள் கையில் இல்லை. கே9இன் எந்திரம் ஜெர்மன் வடிவமைப்பு என்பதால், சில நாடுகளுக்கு விற்க பெர்லினின் இசைவு தேவைப்பட்டது. அரசு நிதியுதவியோடு உள்நாட்டு எந்திரத்தை உருவாக்கியதற்கு அதுவே காரணம். வாங்கப்போகிறவர்கள் எந்த எந்திரம் பொருத்தியது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தியாவின் அனுபவத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 2017இல் 100 பீரங்கிகளுக்குச் சுமார் 4,500 கோடி ரூபாய் ஒப்பந்தம். கையெழுத்திட்டது எல் அண்ட் டி. ராஜஸ்தான் மணலில் ரஷ்யப் பீரங்கியோடு போட்டியிட்டு வென்ற 'கே9 வஜ்ரா', குஜராத்தின் ஹசிரா ஆலையில் கட்டப்பட்டு, நூறாவது பீரங்கி 2021 பிப்ரவரியில் குறித்த காலத்துக்கு முன்பே ஒப்படைக்கப்பட்டது. பாலைவனத்துக்கென வாங்கியதை அதே ஆண்டு லடாக்கின் உயரத்துக்கும் கொண்டுபோனார்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கடையின் மிகச் சீரான விற்பனை இதுதான். சியோலின் கடனும் தலைவர்களின் சந்திப்பும் அதிகம் தேவைப்படாமல், வாங்கும் நாட்டின் ஆலை ஒன்று நடுவில் நின்று நடத்தியதும் இதுதான். 2024 டிசம்பரில் இன்னும் 100 பீரங்கிகளுக்கு 7,628.70 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. அதற்கான பாகங்களுக்கு எல் அண்ட் டி 2025 ஏப்ரலில் ஹன்வாவோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் 25.3 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 2,150 கோடி ரூபாய். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.