சிலிண்டரா, சிரட்டையா?

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டில் அடுப்பு இரண்டு. காலைக் கட்டன்சாயாவுக்கு சிலிண்டர்தான்; திருகினால் நீலத் தீ. உள்ளே புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த 14.2 கிலோ திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம்தான் அதை அடக்கி வைக்கிறது. கசிந்தால் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அந்த நாற்றமும் கசிவு தெரியச் சேர்த்ததுதான். இதே புரொப்பேன் ஆர்-290 என்ற பெயரில் சில ஏசிகளில் குளிரூட்டவும் செய்கிறது, கேட்டீர்களா!

மரச்சீனிக் கிழங்கு அவிக்க, மண்சட்டியில் மீன்குழம்பு வற்றவைக்க என்றால் நான் விறகடுப்புக்குப் போய்விடுவேன். பற்றவைக்கக் கொதும்பு, அதாவது காய்ந்த தென்னம்பாளை; கனலுக்குச் சிரட்டை. இரண்டும் தோப்பிலேயே கிடைக்கும், காசில்லை. ஆனால் ஆனி மழையில் நனைந்த தேங்காய்த் தொண்டு (மட்டை) கிளப்பும் புகை இருக்கிறதே, அம்மாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். அந்த மாதங்களில் குழம்பும் சிலிண்டரில்தான்.