ரம்மித் தடை: சென்னைச் சட்டமா, டெல்லிச் சட்டமா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடுக்க வந்த தமிழகத்தின் 2022 சட்டம் தடுக்கி விழுந்தது ஒரே சொல்லில்: ‘திறமை’. பந்தயமும் சூதாட்டமும், மாநிலங்கள் சட்டமியற்றக்கூடிய பொருள்களைக் கூறும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 34-ஆம் இனம். ஆனால் திறமை விளையாட்டு சூதாட்டமல்ல என்பது நீதிமன்றங்களின் பழைய நிலைப்பாடு. ஆன்லைன் ரம்மியைத் தடுத்த அ.தி.மு.க. அரசின் 2021 சட்டத் திருத்தம் நீதிமன்றத்தில் அதில்தான் வீழ்ந்தது. தி.மு.க. அரசு, நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையோடு மறுபடி சட்டம் இயற்றியது. ஆளுநர் ரவி மசோதாவை மாதக்கணக்கில் வைத்திருந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றியதும் ஏப்ரலில் ஒப்புதல் தந்தார். நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கர் என்ற சீட்டாட்டத்தையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. எஞ்சியது ஒழுங்குமுறை: 2025 விதிகளில் ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு முதல் காலை 5 வரை ஆட்டத்துக்குத் தடை.

மத்திய அரசு தன் 2025 ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில் ‘திறமை’ என்ற அந்தச் சொல்லையே தூக்கி எறிந்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்தால் தடை. 2025 ஆகஸ்ட் 20-இல் மக்களவை, 21-இல் மாநிலங்களவை, 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். (இங்கே ஆளுநர் இல்லையே!) நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், தமிழகத்தில் அபராதம் 10 லட்சம்தான். ஆடுபவரைத் தமிழகச் சட்டம் 3 மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். மத்தியச் சட்டம் தண்டிப்பதில்லை. வங்கிப் பரிமாற்றத்தை அடைப்பதில் டெல்லியின் பிடி வலுவானது. ஆனால் மாநிலப் பட்டியலுக்குள் நாடாளுமன்றம் நுழையலாமா என்ற கேள்வி அதைத் துரத்துகிறது.