கார்டெக்ஸ்-எம் சில்லுகளுக்கு எந்த டீபக் புரோப்? ஜே-லிங்க், எஸ்டி-லிங்க், சிஎம்சிஸ்-டாப், பிளாக் மேஜிக்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மைக்ரோகண்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) எழுதுபவர்கள், கணினிக்கும் சில்லுக்கும் இடையே நின்று பிழை தேட உதவும் டீபக் புரோப் வாங்கும்போது பெரும்பாலும் விலையையும், ஃபிளாஷ் நினைவகத்தில் நிரலை ஏற்றும் வேகத்தையுமே ஒப்பிடுகிறார்கள். நிரல் ஏற்றுவது ஒரு நாளில் சில நிமிட வேலை. மீதிப் பொழுது முழுவதும், ஏற்றிய நிரல் ஏன் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று தேடுவதிலேயே கழிகிறது. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் சில்லை நிறுத்தாமல் எவ்வளவு பார்க்க முடிகிறது, சில்லு இணைப்புக்கு ஒத்துழைக்காதபோது புரோப் எப்படி நடந்துகொள்கிறது என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இந்த நான்கு வகைக் கருவிகளையும் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. குறித்த கட்டளையில் நிரலை நிறுத்தும் பிரேக்பாயிண்ட், குறித்த நினைவக இடம் தொடப்படும்போது நிறுத்தும் வாட்ச்பாயிண்ட் ஆகியவற்றுக்கான வன்பொருள் புரோப்பில் இல்லை, சில்லுக்குள்தான் இருக்கிறது. ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-எம் வரிசைக் கருக்களான (கரு என்பது சில்லின் செயலிப் பகுதி) எம்3, எம்4 கொண்ட சில்லுகளில் பொதுவாக ஆறு வன்பொருள் பிரேக்பாயிண்டுகளும் நான்கு வாட்ச்பாயிண்டுகளும் உண்டு. எம்0+ கருவைக் கொண்ட ஆர்பி2040 சில்லில் அவை நான்கும் இரண்டுமாகக் குறைந்துவிடுகின்றன. புரோப் செய்வதெல்லாம், கணினியின் யுஎஸ்பி வழியே வரும் கட்டளைகளை எஸ்டபிள்யூடி என்னும் இரண்டு கம்பி நெறிமுறைக்கோ, ஜேடேக் நெறிமுறைக்கோ மாற்றிச் சில்லிடம் கொடுப்பது மட்டுமே. ஒரு மாறியின் மதிப்பை யாரோ கெடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், ஜிடிபி என்னும் பிழைதேடும் மென்பொருளில் அந்த மாறிக்கு ஒரு வாட்ச் வைத்துவிட்டு ஓடவிடலாம். வரம்பு தாண்டி எழுதும் வரிசை (array) எங்கோ வேறொரு ஃபங்ஷனில் இருந்தாலும், எழுதிய கட்டளையைத் தாண்டி ஓரிரு கட்டளைகளுக்குள் கரு நின்று, குற்றவாளி இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். இந்த வசதி மலிவான புரோப்பிலும் உண்டு, விலையுயர்ந்த புரோப்பிலும் உண்டு. அச்சுக் (print) கட்டளைகளை மட்டுமே நம்பி வேலை செய்பவர்கள் எந்தப் புரோப்பை வாங்கினாலும் முதல் நாளிலேயே இந்த லாபத்தைப் பெறுவார்கள். வேறுபாடுகள் இதற்கு மேல்தான் தொடங்குகின்றன.

எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் எஸ்டிஎம்32 சில்லுகளோடு வேலை செய்பவர்களுக்கு எஸ்டி-லிங்க் தேடாமலே கிடைக்கிறது. அந்த நிறுவனத்தின் நியூக்ளியோ சோதனைப் பலகை ஒவ்வொன்றிலும் அது கூடவே வருகிறது; சீரியல் போர்ட்டும், கோப்பை இழுத்துப் போட்டு நிரலை ஏற்றும் வசதியும் அதிலேயே அடக்கம். வி2 தலைமுறையில் எஸ்டபிள்யூடி வேகம் 4 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. வி3 தலைமுறை அதை 24 மெகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோவதோடு, யுஎஸ்பி இணைப்பையும் அதிவேக வகைக்கு மாற்றிக்கொண்டது. எஸ்டிஎம்32 மட்டுமே பயன்படுத்தும் குழுவுக்கு வி3 போதுமானது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் சந்தையில் எஸ்டி-லிங்க் என்ற பெயரில் அதிகம் விற்பது அசல் அல்ல. சென்னை ரிச்சி தெருவானாலும் இணைய அங்காடியானாலும், பென் டிரைவ் அளவில் வண்ண அலுமினியக் கூட்டுக்குள் வரும் போலி வி2 சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது. மாணவர்கள் பலர் இதைக் கொண்டே தொடங்குகிறார்கள் என்பதால், அதன் குறைகளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அசல் எஸ்டி-லிங்க்/வி2 கருவியில் மின்னழுத்த முனை என்பது உள்ளீடு: இலக்குப் பலகை எந்த மின்னழுத்தத்தில் ஓடுகிறது என்பதை அதன் வழியே அளந்து தெரிந்துகொள்கிறது. போலியில் அதே இடத்தில் இருக்கும் 3.3 வோல்ட் முனை வெளியீடு. தனி மின்வழங்கியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பலகையோடு அந்த முனையையும் இணைத்துவிட்டால், இரண்டு மின்வழங்கிகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிடும். இன்னொரு குறை, ரீசெட் கம்பி. பல போலிகளில் ரீசெட் என்று அச்சிட்டிருக்கும் முனை எஸ்டிஎம்8 சில்லுகளுக்கு மட்டுமே வேலை செய்கிறது, எஸ்டிஎம்32 பலகையை அது ரீசெட் செய்வதே இல்லை. நிரல் தொடங்கியவுடன் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்விட்டாலோ, எஸ்டபிள்யூடி முனைகளைச் சாதாரண உள்ளீடு-வெளியீட்டு முனைகளாக மாற்றிக்கொண்டாலோ, ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைவதுதான் சில்லை மீட்கும் நேர்வழி. அந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது. பூட்0 முனையை உயர்நிலையில் வைத்துச் சில்லை அதன் உள் பூட்லோடருக்குள் (தொடக்க நிரலுக்குள்) எழுப்பிவிட்டுப் பிறகு இணையலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த முனையை நேரே தரையோடு பற்றவைத்த பலகையில் அதுவும் எளிதல்ல. நிரல் ஓடும்போதே செய்திகளை அனுப்பும் எஸ்டபிள்யூஓ என்னும் வெளியீட்டுக் கம்பியும் பெரும்பாலான போலிகளில் வெளியே கொண்டுவரப்படவில்லை. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி, சில்லு செத்துவிட்டதா, கம்பி தளர்ந்திருக்கிறதா, புரோப் பொய் சொல்கிறதா என்று மூன்று பக்கமும் சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மாலைப் பொழுதை இழப்பது, கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு மிகப் பெரிய தண்டனை. இந்தப் போலிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அதே குறைந்த செலவில் நம்பகமான மாற்று ஒன்று இப்போது இருக்கிறது. ஆர்ம் நிறுவனம் வெளியிட்ட சிஎம்சிஸ்-டாப் என்பது புரோப்பும் கணினியும் பேசிக்கொள்ளும் முறைக்கான ஒரு திறந்த வரையறை. யார் வேண்டுமானாலும் அதற்கேற்பப் புரோப் செய்யலாம். பிபிசி மைக்ரோபிட் பலகையில் இருக்கும் டாப்லிங்க் ஃபர்ம்வேரும் இந்த வரையறையைப் பின்பற்றுவதுதான். ராஸ்பெரி பை நிறுவனம் 2023இல் 12 டாலர் விலையில் வெளியிட்ட டீபக் புரோப்பும் அவ்வாறே, ஆர்பி2040 சில்லைக் கொண்டு செய்யப்பட்டது. சீரியல் போர்ட்டும் அதனுள்ளேயே உண்டு. 4 டாலர் விலையில் அறிமுகமான பைக்கோ பலகையிலேயே அதன் ஃபர்ம்வேரை ஏற்றி, அதையே புரோப்பாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இந்த வரையறையில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது பதிப்பு எண். முதல் பதிப்பு, விசைப்பலகையும் மவுஸும் பயன்படுத்தும் யுஎஸ்பி எச்ஐடி வகையைச் சார்ந்தது. முழுவேக யுஎஸ்பியில் மில்லி நொடிக்கு 64 பைட் கொண்ட ஒரே ஒரு பொட்டலம்தான் போக முடியும் என்பதால், எஸ்டபிள்யூடி கடிகாரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் நொடிக்கு 64 கிலோபைட்டைத் தாண்ட வழியில்லை. இரண்டாம் பதிப்பு, பெருமளவு தரவுக்கான பல்க் பரிமாற்றத்துக்கு மாறி அந்தத் தடையை நீக்கிவிட்டது. ராஸ்பெரி பை புரோப்பின் உண்மையான குறைகள் வேறு. அது 3.3 வோல்ட் பலகைகளுக்கு மட்டுமே பொருந்தும், 1.8 வோல்ட்டில் ஓடும் பலகையோடு அதை இணைக்கக் கூடாது. அதன் மூன்று முனை இணைப்பியில் ரீசெட் கம்பி கிடையாது, ஆகவே மேலே சொன்ன உறக்க நிலைச் சிக்கலில் ரீசெட் பொத்தானைக் கையால் அழுத்திப் பிடித்து, இணைப்பு நடக்கும் நேரம் பார்த்து விட வேண்டியிருக்கும்.

இனி, ஓடும் நிரலைப் பார்ப்பது. ஒரு மோட்டாரை இயக்கும் நிரலை பிரேக்பாயிண்டில் நிறுத்தினால், கட்டுப்பாட்டுச் சுழற்சி நின்றுவிடும், மின்சாரத்தைத் துடிப்புகளாக அளந்து தரும் பிடபிள்யூஎம் டைமரோ கடைசியாகக் கொடுத்த அளவிலேயே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். டைமரையும் சேர்த்து நிறுத்தும் அமைப்பு எஸ்டிஎம்32 சில்லுகளில் உண்டு என்றாலும், அதை நாமே முன்கூட்டி இயக்கி வைத்திருக்க வேண்டும். புளூடூத் இணைப்பில் இருக்கும் சில்லை நிறுத்தினால் மறுமுனை காத்திருக்காது, இணைப்பு அறுந்துவிடும். இப்படிப்பட்ட வேலைகளில் நிறுத்திப் பார்ப்பது பயனற்றது என்பதால், நிரல் ஓடிக்கொண்டே தகவல் தரும் வழிகள் முக்கியமாகின்றன. அச்சுச் செய்திகளைப் புரோப் வழியே கணினிக்கு அனுப்பும் செமிஹோஸ்டிங் இங்கே உதவாது. ஒவ்வொரு அச்சுக்கும் அது கருவை நிறுத்துகிறது. எஸ்டபிள்யூஓ நல்ல வழிதான், ஆனால் எம்0, எம்0+ சில்லுகளில் அது இல்லவே இல்லை.

இந்த இடத்தில்தான் ஜே-லிங்க்கைத் தயாரிக்கும் ஜெர்மனியின் செகர் நிறுவனம் கொண்டுவந்த ஆர்டிடி என்னும் முறை எல்லாவற்றையும் மாற்றியது. நிரல் தன் செய்திகளை ரேம் நினைவகத்தில் இருக்கும் ஒரு வட்ட பஃபரில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. கார்டெக்ஸ்-எம் சில்லுகளில் கரு ஓடும்போதே புரோப் நினைவகத்தைப் படிக்க முடியும் என்பதால், அந்தச் செய்திகளை அது பின்னணியில் அள்ளிக்கொள்கிறது. கணினியில் ஓடிப் புரோப்பை இயக்கும் ஓப்பன்ஓசிடி, பைஓசிடி, புரோப்-ஆர்எஸ் ஆகிய மூன்று திறந்த மென்பொருள்களும் இப்போது இதை ஆதரிக்கின்றன, ஆகவே ஜே-லிங்க்குக்கு மட்டுமே உரிய வசதி என்று இனி சொல்வதற்கில்லை. ஆனால் அளவில் வேறுபாடு இருக்கிறது. பஃபரின் இயல்பான அளவு 1024 பைட். புரோப் அதை எவ்வளவு அடிக்கடி வந்து காலி செய்கிறது என்பதே எல்லாம். மெதுவாக வந்தால் பஃபர் நிரம்பிவிடும். நிரம்பியபின் வரும் செய்தியை இயல்பான அமைப்பில் நிரல் அப்படியே விட்டுவிடும். விளைவாக, பதிவில் இடையிடையே வரிகள் காணாமல் போகும், காணாமல் போனதற்கான அடையாளமும் இருக்காது. இல்லாத வரியை வைத்து, அந்தக் குறுக்கீடு வரவே இல்லை என்று முடிவுகட்டிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. ஜே-லிங்க் இந்தப் படிப்பை வேகமாகச் செய்வதோடு, பஃபர் ரேமில் எங்கே இருக்கிறது என்பதையும் தானே தேடிக்கொள்கிறது. ஓப்பன்ஓசிடியில் தேட வேண்டிய முகவரியையும் நீளத்தையும் நாம் கொடுக்க வேண்டும். வேறு புரோப் வைத்திருப்பவர்கள் பஃபரை 4096 பைட்டாகப் பெருக்கி, படிக்கும் இடைவெளியையும் குறைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைகளில் இழப்பு நின்றுவிடும். ரேம் மிகச் சிறிதான சில்லுகளில் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை.

ஜே-லிங்க்குக்குச் சில நூறு டாலர் கொடுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. இலக்கின் மின்னழுத்தம் 1.2 முதல் 5 வோல்ட் வரை எதுவானாலும் அது தன்னைப் பொருத்திக்கொள்கிறது. பிளஸ் வகையிலிருந்து, ஃபிளாஷ் நினைவகத்தில் எண்ணிக்கை வரம்பின்றி பிரேக்பாயிண்ட் வைக்கும் உரிமமும் சேர்ந்தே வருகிறது. ஃபிளாஷை மாற்றி எழுதித்தான் அதைச் சாதிக்கிறது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சில்லுகளின் ஃபிளாஷுக்கு உத்தரவாதமளிக்கப்பட்ட ஆயுளே 10,000 எழுத்துச் சுற்றுகள்தான். வணிக நோக்கமில்லாத கல்விப் பயன்பாட்டுக்கு எடு (EDU), எடு மினி (EDU Mini) என்ற மலிவான வகைகள் உள்ளன. அவற்றை அலுவலக வேலைக்குப் பயன்படுத்த உரிமம் இடம் தராது, சிறிய நிறுவனங்கள் இதை மதித்து நடக்க வேண்டும். நோர்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52 டெவலப்மெண்ட் கிட்டில் ஜே-லிங்க் பலகையிலேயே பதிந்து வருகிறது என்பதால், அந்தச் சில்லுகளில் கற்பவர்கள் தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை.

பிளாக் மேஜிக் புரோப் மற்ற மூன்றிலிருந்தும் அமைப்பிலேயே வேறுபடுகிறது. ஜிடிபியின் கட்டளைகளை ஏற்றுச் செயல்படுத்தும் ஜிடிபி சர்வர் அந்தப் புரோப்பின் உள்ளேயே ஓடுகிறது; கணினிக்கு அது இரண்டு சீரியல் போர்ட்டுகளாக மட்டுமே தெரிகிறது. ஜிடிபியைத் திறந்து முதல் போர்ட்டோடு இணைத்து, சில்லைத் தேடச் சொல்லி, கிடைத்ததோடு ஒட்டிக்கொண்டால் வேலை தொடங்கிவிடும்; இடையில் வேறு மென்பொருளோ அமைப்புக் கோப்போ தேவையில்லை. வாடிக்கையாளர் இடத்துக்கு மடிக்கணினியோடு போகும் பொறியாளருக்கு இதைவிடத் தோதான கருவி இல்லை. சில்லுகளைப் பற்றிய அறிவு புரோப்பின் ஃபர்ம்வேரிலேயே இருப்பதால், புதிய சில்லு ஒன்று வந்தால் ஃபர்ம்வேரையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதே இதன் விலை.

கணினிப் பக்க மென்பொருளையும் சேர்த்துப் பார்க்காமல் புரோப்பை மட்டும் ஒப்பிடுவது முழுமையாகாது. டொமினிக் ராத் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 2005இல் பட்டப்படிப்புத் திட்டமாகத் தொடங்கிய ஓப்பன்ஓசிடி இன்றும் மிக அகலமான ஆதரவைக் கொண்டது. ஆர்ம் அல்லாத, ரிஸ்க்-வி என்னும் திறந்த வடிவமைப்பைக் கொண்ட சில்லுகளையும் அது அறியும், சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளில் நிரலை ஏற்றி ஆராய்வதும் அதன் வழியேதான். அதன் அமைப்புக் கோப்புகளும் பிழைச் செய்திகளும் புதியவரைத் திணறடிக்கக்கூடியவை. பைஓசிடி, சில்லு நிறுவனங்கள் வெளியிடும் சிஎம்சிஸ் பேக் கோப்புகளைக் கொண்டே புதிய சில்லைப் புரிந்துகொள்ளும். பைத்தானில் எழுதப்பட்டது என்பதால் உற்பத்திக் கூடச் சோதனைகளை அதைக் கொண்டு தானியங்கியாக்குவது மிகச் சுலபம். ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்குப் புரோப்-ஆர்எஸ் ஒன்றே போதும்.

எஸ்டிஎம்32 மட்டும் போதுமென்றால் எஸ்டி-லிங்க் வி3. பல நிறுவனச் சில்லுகளைக் கையாளும் மாணவருக்கும் ஆர்வலருக்கும் சிஎம்சிஸ்-டாப் இரண்டாம் பதிப்புப் புரோப் ஒன்றும் அதோடு பைஓசிடியும். வயர்லெஸ், மோட்டார், ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்) என்று நிறுத்த முடியாத பொருள்களைச் செய்யும் குழுவுக்கு ஜே-லிங்க் பிளஸ்: இதுவே என் தேர்வு. இவற்றில் எதை வாங்கினாலும், மின்சார இணைப்பிலிருந்து நேரடியாக, மின்மாற்றித் தனிமைப்படுத்தல் இல்லாமல் ஓடும் பலகையோடு அதை அப்படியே இணைக்கக் கூடாது. யுஎஸ்பி தரைக்கம்பி வழியே மின்னிணைப்பின் மின்னழுத்தம் கணினிக்கும், அதைத் தொடுபவருக்கும் வந்துவிடும். அத்தகைய பலகைகளுக்கு எஸ்டி-லிங்க்/வி2-ஐசோல் போன்ற தனிமைப்படுத்திய வகையையோ, தனி யுஎஸ்பி ஐசொலேட்டரையோ முதலில் வாங்கிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும்.